ஆட்டுத்தோலில் எழுந்தவள்

இருண்டு கிடந்த எங்கள் சந்துக்கு எழுத்து என்னும் விளக்கை ஏந்தி வந்து, இன்று தலைமை நாற்காலியையும் ஏற்று அமர்ந்திருக்கும் மாட்டுங்கா மகாதேவன் அவர்களே. சுண்ணாம்பில் வெந்த கையைக் கழுவிவிட்டு, அந்தக் கையாலேயே எனக்கு மாலை போட்ட தோல்சாலைத் தோழர்களே. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து தாராவித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் என் ஊர்ப் பெரியவர்களே. சமைத்து வைத்துவிட்டு வந்த தாய்மார்களே, சமைக்காமலே வந்த தாய்மார்களே. மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பூதத்தான் அண்ணாச்சி அவர்களே. உங்கள் அனைவரையும் நயினார் என்னும் இந்தக் கிழவன் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்தக் காகிதத்தைப் பாருங்கள். இதில் இருப்பது என் எழுத்து. நான் சொல்ல இன்னொருவர் எழுதியது அல்ல. மார்கழி பிறந்ததும் எழுத ஆரம்பித்தேன், தை பாதி போய்விட்டது. 'ஞ' என்ற எழுத்தோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கு நின்றேன். அதன் வாலை எந்தப் பக்கம் வளைப்பது என்று தெரியாமல் நான் படும் பாட்டைப் பார்த்து என் வீட்டுக்காரி அன்னத்தாய், "கோழி கால வரைஞ்சுகிட்டு உக்காந்திருக்கீரு" என்றாள். கோழிக்கால் என்று சொன்னாளே, அந்தக் கால் இந்தப் பேச்சில் பின்னால் வரும். மறந்துவிடாதீர்கள்.

இந்த முதியோர் பள்ளியின் ஆண்டுவிழாவில், நான் எப்படி எழுத்துக்கு வந்தேன் என்று பேசச் சொன்னார் தலைவர். சொல்கிறேன். ஆசையால் வந்தேனா? இல்லை. அறிவால் வந்தேனா? அதுவும் இல்லை. அச்சத்தால் வந்தேன் ஐயா, அச்சத்தால் வந்தேன்.

நாற்பத்துநாலாம் வருஷம் சித்திரை மாதம் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். வானமே கரியாகிப் போன நாள் அது. கப்பல்களில் வந்து வெந்ததும் வேகாததுமாகக் கிடந்த மரச்சாமான்களையெல்லாம் பிறகு குர்லாவில் பழைய சாமான் கடைகளில் குவித்து விற்றார்கள். தோல் அமுக்குவதற்கு நல்ல கனமான பலகை வேண்டியிருந்தது எனக்கு. பதனிட்ட ஈரத்தோலை விரித்து, மேலே பலகை போட்டு, பலகைமேல் கல் ஏற்றி வைத்தால் சுருக்கம் போகும். அந்தக் குவியலிலிருந்து சில பலகைகளை வாங்கி வந்தேன். ஒரு பலகை மூன்று சாண் உயரம். ஒரு பக்கம் வழுவழுப்பு. மறுபக்கம் கரியும் சேறும் அப்பிக் கிடந்தது. கரியைத் துடைத்தேனா? இல்லை. திருப்பிப் பார்த்தேனா? இல்லை. பலகை என்றால் பலகை, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஆளாக இருந்தேன். கரிப்பக்கம் கீழே படும்படி ஈரத்தோல்மேல் கவிழ்த்துக் கல் ஏற்றினேன்.

மறுநாள் காலை கல்லை இறக்கித் தோல்களை உரித்தெடுத்தவள் என் மருமகள் கனகவள்ளி. என் மகன் தங்கபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாய்மார் வரிசையில் நீலச் சேலையில் இருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. தோலை விரித்தவள் அப்படியே நின்றாள். கத்தவில்லை, ஓடவில்லை. மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க வாங்க. தோலுக்குள்ள யாரோ நிக்கா."

போய்ப் பார்த்தேன். ஆட்டுத்தோலில் ஒரு பெண் எழுந்து நின்றாள். உடுப்பு இல்லை. கூந்தல் இடுப்புவரை இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு மரம். மரத்தை வேரிலிருந்து கிளைவரை சுற்றியிருந்தது ஒரு பாம்பு. பாம்பின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பெண்முகம். அந்தப் பெண் ஒரு பழத்தைப் பிடித்துக் கையை நீட்டியிருந்தாள். யாருக்கு நீட்டுகிறாள்? எதிரே யாரும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் நீட்டுகிறாள். காலடியில் ஒரு வரி எழுத்து, எந்த நாட்டு எழுத்தோ தெரியவில்லை. கோடெல்லாம் கறுப்பாகத் தோலுக்குள் இறங்கியிருந்தது, பச்சை குத்தியதுபோல.

அன்னத்தாய் முதலில் செய்த காரியம், ஒரு மஞ்சள் துணியைக் கிழித்து அவள் இடுப்பில் சுற்றியது. துணி கட்டியதும் அவள் ஆத்தா ஆகிவிட்டாள். மத்தியானத்துக்குள் குங்குமம் வந்தது, சாயங்காலத்துக்குள் கூட்டம் வந்தது. சால் குடியிருப்புகளிலிருந்து வந்தார்கள், செம்பூரிலிருந்து வந்தார்கள். மரத்தடியில் பெண், மரத்தில் பாம்பு, பாம்புக்கு அம்மன் முகம். நம் கண்ணுக்கு வேறு என்னவாகத் தெரியும்? சொல்லுங்கள்.

(சிரிக்காதீர்கள் தம்பி. முதல் தேங்காயை அன்று உடைத்தவர் உங்கள் அப்பா.)

பூதத்தான் அண்ணாச்சி எங்கள் தோல்சாலையில் மரப்பட்டை பிரிக்கிறவர். ஆவாரம் பட்டை எது, வேலம் பட்டை எது என்று முகர்ந்தே சொல்வார். அம்மன் கொடைவிழா நடந்தால் ஆத்தா இறங்குவதும் அவர்மேல்தான். அவர் கிட்டே போய் மரத்தைப் பார்த்தார். இலையைத் தடவினார்.

"இலையில மூணு நரம்பு ஓடுது, வே. பழம் உருண்டையா இருக்கு. இது எட்டி மரம்லா."

எட்டி. பார்வைக்கு ஆரஞ்சுபோல இருக்கும், பசிக்கிறவனைக் கூப்பிடும் நிறம், உள்ளே உயிரை எடுக்கும் நஞ்சு. வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த இலையைக் கவனித்திருக்க மாட்டான். நாங்கள் கவனித்தோம். பட்டையும் இலையுமாகவே வாழ்ந்தவர்கள் நாங்கள். நம் தொழில் கொடுத்த கண்ணே நம்மைக் கொண்டுபோய் அந்த மரத்தடியில் நிறுத்தியது.

பிறகு மழை வந்தது. உப்பில் ஊறிய தோல் ஈரக்காற்றைக் குடிக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்து என்ன பயன்? மழை தடிக்கத் தடிக்கப் பாம்பு தடித்தது. அவள் வயிறு உப்பியது. நெற்றியில் முத்து முத்தாக நீர் கோத்தது. பெண்கள், "ஆத்தாவுக்கு வேர்க்கு" என்று விசிறினார்கள். நான் விசிறவில்லை. ஆனால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பதையும் விட்டுவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் கை இன்னும் ஒரு விரற்கடை நீண்டுவிட்டதுபோல் இருக்கும். திரும்பினால் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆடி பிறந்தது. பூதத்தான்மேல் ஆத்தா இறங்கினாள். இறங்கிச் சொன்னாள்:

"நான் பழத்த நீட்டிக்கிட்டு நிக்கேன். வாங்க ஆளில்ல. எவ கண்ணுல மொதல்ல பட்டேனோ அவ வந்து திங்கட்டும். அவ வயித்துல நான் வாறேன்."

முதலில் கண்டவள் யார்? கனகவள்ளி. கல்யாணமாகி எட்டு வருஷம், மடி நிறையவில்லை. குழாயடியில் குடத்தை வைத்தால் குடத்தை நகர்த்துவார்கள். சீமந்தத்துக்குப் போனால் வளையல் போட அவள் கையைப் பிடிக்க மாட்டார்கள். அவளிடம் வந்து அமுதம் வேண்டுமா, நஞ்சு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை வேண்டுமா என்று கேட்டார்கள்.

"எட்டிப் பழம்டி அது. செத்துப் போவ" என்றேன்.

"ஆத்தா குடுத்தா எட்டியும் இனிக்கும்ங்காக மாமா" என்றாள். "இனிக்கலன்னா, கொடத்த நகத்துதவளுகளுக்காவது நிம்மதி."

என் மகன் தரையைப் பார்த்து நின்றான். அன்னத்தாய் ஒரு கண்ணால் அழுதாள், ஒரு கண்ணால் பேரனைப் பார்த்துவிட்டாள். ஆடிக் கடைசி வெள்ளி என்று நாள் குறித்தார்கள். கல்யாண் பக்கத்துக் காட்டுக்குப் போனவர்களுக்கு ஒரே ஒரு பழம் கிடைத்தது. பருவமில்லாத காலத்தில் பழுத்துத் தொங்கியதாம். அதுவும் ஆத்தா செயல் என்றார்கள்.

இதற்கிடையே மழை எனக்கு ஒன்றைக் காட்டியது. தொட்டி ஓரம் சாத்தியிருந்த பலகையில் கரி கழுவிப்போய், அவள் தெரிந்தாள். மரத்தில் செதுக்கிய அதே பெண், அதே பாம்பு. தோலில் வலது பக்கம் நீண்ட கை, மரத்தில் இடது பக்கம் நீண்டது. என் மனசு லேசானது. ஆத்தாவும் இல்லை, அதிசயமும் இல்லை, பலகை பதிந்த தடம். பலகையில் கரி தடவி, இன்னொரு தோலை நனைத்துப் போட்டு, கல் ஏற்றி, ஊர் பார்க்க உரித்துக் காட்டினேன். இரண்டாவது ஆத்தா எழுந்து நின்றாள். இப்போது என்ன சொல்வார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"மரத்துலயும் வந்துட்டாளா எங்காத்தா" என்று இரண்டாவது தோலுக்கும் மஞ்சள் துணி சுற்றி, பலகைக்கும் குங்குமம் வைத்தார்கள்.

நான் தோற்றேன். தோற்றவனுக்கு அப்போது ஒரு கறுப்புக் குடை நினைவு வந்தது. அந்த வருஷம் முழுக்க ரயில்வே ஆபீஸ் விட்டதும் குடையும் சிலேட்டுமாக நம் சந்துகளில் நுழைந்து, 'படிக்க வாங்கோ' என்று கூப்பிட்டுக்கொண்டு ஒருவர் வருவார். அவர் குடையைக் கண்டால் நான் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவரைத் தேடி, இரண்டாவது தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே மாட்டுங்காவுக்கு நடந்தேன்.

தலைவர் சிரிக்கிறார். என்னைத் தெருவிலேயே நிறுத்தி, "மான்தோலா இருந்தா மேலயே உக்காந்துடுவேன் நயினார். ஆட்டுத்தோலை உள்ளே கொண்டுவந்தா ஆத்துக்காரி என்னையும் சேர்த்து வெளியில தள்ளிடுவா" என்றாரே, மறந்துவிட்டதா? தெருவிளக்குக் கம்பத்தடியில் விரித்தேன். தூர நின்று பார்த்தார். கிட்டே வந்தார். குந்தி உட்கார்ந்தார். அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சத்தம்போட்டு வாசித்தார். பிறகு விழித்தார்.

"இங்கிலீஷ் எழுத்துதான். வாசிக்க வர்றது. அர்த்தம் ஆகலையே. இது வேற பாஷை."

நான் திகைத்தேன். எழுத்துத் தெரிந்தும் ஒருவருக்குச் செய்தி தெரியாமல் போகுமா? அதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் என்னை ஒரு வயதான கோவாக்காரப் பாதிரியாரிடம் அழைத்துப் போனார். பாதிரியார் தோலைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் மஞ்சள் துணியின் சாயம் பட்டிருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "அரே பாபா, யே தேவி நஹி" என்றார். தேவி இல்லையாம். உலகத்தின் முதல் பெண்ணாம். கடவுள் தின்னாதே என்று விலக்கிய பழத்தைத் தின்னச் சொல்லி ஒரு பாம்பு அவளை மயக்கியதாம். அவள் தின்று, தன் புருஷனுக்கும் கை நீட்டிக் கொடுத்தாளாம். அந்த நொடியில் மனிதனுக்குச் சாவு வந்ததாம். இது அவர்கள் வேதக் கதை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இந்தக் கதைகளைப் பேரிக்காய் மரத்தில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி, சந்தையில் விற்பார்களாம். கோடு நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் சுரண்டி எடுப்பதுதான் அந்தத் தச்சன் வேலை.

அப்படிப்பட்ட படங்கள் உள்ள ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திறந்தார். பாலைவனம். பட்டினியாக ஒருவர் நிற்கிறார், அவர்கள் சாமி. எதிரே ஒரு கிழத் துறவி. நீண்ட அங்கி, இடுப்பில் கயிறு, கையில் ஜெபமாலை, முகத்தில் அத்தனை கருணை. குனிந்து, கல்லை எடுத்து நீட்டி, "பசிக்கிறதே, இதை ரொட்டியாக்கிச் சாப்பிடலாமே" என்கிறான்.

(கல்லை ரொட்டியாக்குவது பெரிதா? நம் ரேஷன் கடைக்காரர் அரிசியையே கல்லாக்கினார். சரி, சரி, கதைக்கு வருகிறேன்.)

"நல்ல சாமியார்" என்றேன் நான். பாதிரியார் விரலை அங்கியின் கீழ் ஓரத்தில் வைத்தார். அங்கிக்குக் கீழே எட்டிப் பார்த்தது கால். மனிதக் கால் அல்ல. மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே, நகம் வளைந்த பறவைக் கால். கோழிக்கால். சாத்தான்தான் சாமியார் வேஷத்தில் வந்திருக்கிறானாம். அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

கடைசியாக அந்த வரிக்கு அர்த்தம் கேட்டோம். தின்றால் நீங்களும் கடவுளைப்போல் ஆவீர்கள் என்று அந்தப் பாம்பு சொன்னதை லத்தீனில் எழுதியிருக்கிறதாம்.

ஆடிக் கடைசி வெள்ளி. காலையிலேயே வானம் சாணி மெழுகியதுபோல் மூடிக் கிடந்தது. தோல்சாலை முற்றத்தில் கூட்டம். உறுமி உறுமியது, பம்பை பதறியது. சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே கம்பம் நட்டு அதில் தோலைக் கட்டியிருந்தார்கள். பூதத்தான் ஆடிக்கொண்டிருந்தார். கனகவள்ளி மஞ்சள் குளித்த ஈரத்தோடு, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். "நிறுத்துங்கலே. எழுத்துக்கு அர்த்தம் தெரிஞ்சு போச்சு" என்றேன். பம்பை நின்றது. எல்லா முகமும் என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எழுத்துக்கு நான் அர்த்தம் சொல்கிறேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "தின்னா நீங்களும் சாமி ஆயிருவீங்கன்னு எழுதியிருக்கு."

பெரியோர்களே, அதைவிட மோசமான ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க முடியாது. முற்றமே குலவையிட்டது. "எழுத்துலயே இருக்குல்லா. ஆத்தாவே எழுதிப் போட்டுருக்கா" என்றார்கள்.

"ஆத்தா சொல்லல, அந்தப் பாம்பு சொல்லுது" என்று கதறினேன்.

"பாம்பு வேற, ஆத்தா வேறயா? கிறுக்குக் கெழவா, தள்ளும்" என்றார்கள்.

நான் குனிந்து பூதத்தானின் கால்களைப் பார்த்தேன். பறவைக் காலாக இருக்கும், நகம் தெரியும், எல்லாருக்கும் காட்டிவிடலாம் என்று பார்த்தேன். மனிதக் கால். சுண்ணாம்பில் வெடித்து, குதிகால் பிளந்து, என் கால் மாதிரியே இருந்த கால். அதைக் கண்டுதான் நான் அதிகம் பயந்தேன்.

கனகவள்ளி தோலுக்கு மிக அருகில் போனாள். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் பேசுவதுபோல் மெல்ல என்னைக் கேட்டாள்:

"மாமா, பாம்பு மூஞ்சியும் இவ மூஞ்சியும் ஒரே மூஞ்சியால்லா இருக்கு. இத்தன நாளா நீங்க யாரும் பாக்கலியா?"

பார்த்தோம். அதே மூக்கு, அதே உதடு, அதே கண்ணிமை. மயக்குகிறவளும் மயங்குகிறவளும் கண்ணாடி பார்த்துக்கொள்வதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழத்துல பல்லுத் தடமே இல்ல. இவ இன்னும் ஒரு கடி கடிக்கல. அடுத்தவளுக்குத்தான் நீட்டுதா" என்றாள்.

நம் கொடையில் ஒரு வழக்கம் உண்டு. படையல் எதுவானாலும் சாமியாடி முதலில் வாய் வைப்பார், பிறகுதான் ஜனங்களுக்கு. ஆத்தா ருசிக்காததை யாரும் தொட மாட்டோம். தோலில் இருக்கிறவளே கொடுத்துவிட்டாள் என்ற மயக்கத்தில் அதை எல்லோரும் மறந்திருந்தோம். கனகவள்ளி மறக்கவில்லை. திரும்பினாள். ஆடிக்கொண்டிருந்த பூதத்தானுக்கு எதிரே போய்க் கையை நீட்டினாள்.

"ஆத்தா, ஒங்க வாய் படாததை நான் எப்படித் திங்க? மொதல்ல நீங்க கடிச்சுக் குடுங்க."

அவள் பின்னால் அந்தத் தோல். முன்னால் அவள். கூந்தல் இடுப்புவரை ஈரமாக இறங்கியிருந்தது. கையில் பழம். அதே சாய்வு, அதே நீட்டல். தோலில் இருந்தவள் இறங்கி வந்துவிட்டாளா, என் மருமகள் தோலுக்குள் போய்விட்டாளா என்று தெரியவில்லை.

பூதத்தான் பின்வாங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவள்கூட அப்படித்தான் எதிர்பார்த்தாளாம், பிறகு சொன்னாள். அவர் பின்வாங்கவில்லை. ஏமாற்றுக்காரராக இருந்தால் பின்வாங்கியிருப்பார். அவர் நம்பினார். முழுமனசோடு நம்பினார். கண் செருக, வாயைத் திறந்துகொண்டு, பழத்தை நோக்கிக் குனிந்தார்.

என் தாய்மார்களே, அந்த ஒரு மூச்சு நேரம் அவர் உயிர் அவள் உள்ளங்கையில் இருந்தது. எட்டு வருஷம் குடத்தை நகர்த்திய ஊருக்கு எதிரே, அவளைச் சாகச் சொன்ன வாய் திறந்து கிடந்தது. கையை அப்படியே வைத்திருந்தால் போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பல் பழத்தோலில் படப்போகிறது.

அவள் கையை மடக்கினாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் குடுக்க மாட்டேன்" என்றாள். நடந்துபோய்ப் பழத்தைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டாள். வெள்ளைக் கலங்கலில் அந்த ஆரஞ்சு நிறம் ஒருதரம் மிதந்து, முங்கிப்போனது. அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்ட சொல்லில்தான் பூதத்தான்மேல் இருந்தது இறங்கியது. சேற்றில் உட்கார்ந்து, "எனக்கு என்ன ஆச்சு தாயீ" என்று பிள்ளைபோல் அழுதார்.

அண்ணாச்சி, தலையை நிமிர்த்துங்கள். இன்று நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறீர்கள். என்னைவிட வேகமாகவே வாசிக்கிறீர்கள். அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

அங்கே ஓர் அம்மாள் வாயைத் திறக்கிறார். கேட்கப் போவது தெரியும். இல்லை அம்மா, பிள்ளை பிறக்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். குழாயடியில் இப்போது அவள் குடத்தை யாரும் நகர்த்துவதில்லை. அந்தக் கை மடங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நான் எழுத்துக்கு வந்த வழி இதுதான். எழுத்துத் தெரியாதபோது, எழுதியதெல்லாம் சாமி வாக்கு என்று நினைத்தேன். அன்று நான் வாசித்துச் சொன்ன வரியில் ஒரு பிழையும் இல்லை. அச்சுப்போல் சரியான வரி, அது பாம்பு சொன்ன வரி. வாசிக்கத் தெரிந்தால் போதுமா? போதாது. யார் வாய் பேசுகிறது என்று கேட்கத் தெரிய வேண்டாமா? முகத்தைப் பார்த்தால் போதுமா? காலையும் பார்க்க வேண்டாமா? கால் மனிதக் காலாகவே இருந்துவிட்டால், நீட்டுகிற கை முதலில் தான் உண்டதா என்று கேட்க வேண்டாமா? அப்படிக் கேட்பதற்காகத்தான் இந்தக் கிழட்டுக் கை பலப்பம் பிடித்தது.

தோல் என்ன ஆனது? ஐப்பசி வெயிலில் காய்ந்து சுருங்கியது. மரம் போனது, எழுத்துப் போனது, அவளும் மங்கிப்போனாள். கடைசிவரை மங்காமல் நின்றவை அந்த இரண்டு முகங்கள். ஒரு நாள் அந்தத் தோலும் கொடியில் இல்லை. யார் எடுத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பலகை இருக்கிறது. எங்கே என்கிறீர்களா? திரும்பிப் பாருங்கள், என் முதுகுக்குப் பின்னால். அதன் வழுவழுப்பான பக்கத்துக்குக் கறுப்புப் பூசியவள் கனகவள்ளி. ஒவ்வொரு மாலையும் நாம் அ, ஆ எழுதி அழிக்கிறோமே, அந்தக் கரும்பலகைதான். சுவரைப் பார்த்த பக்கத்தில் அவள் இன்னும் நிற்கிறாள். நானூறு வருஷமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் பாவம். செதுக்கியவன் அவளை அப்படி நிறுத்திவிட்டான், அவளால் மடக்க முடியாது. மழைக்காலத்தில் பலகை ஊறும்போது, நான் 'ஞ' எழுதும் இடத்தில் பின்னாலிருந்து ஏதோ மெல்லத் தள்ளுவதுபோல் இருக்கும். பலப்பத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து எழுதிவிடுவேன்.

அவளால் மடக்க முடியாத கையை நம்மால் மடக்க முடியும். மடக்கிய ஒருத்தி நம் நடுவில் இருக்கிறாள். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், அடுப்பை மறந்த தாய்மாருக்கும், கோழிக்காலாக இருந்த என் எழுத்தை எழுத்தாக்கிய தலைவருக்கும் நன்றி. என் பெயரை நானே எழுதிக் கையெழுத்திட்ட இந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் எல்லோரையும் வணங்கி இறங்குகிறேன்.